அரைஞாண் கட்டிய ஏழு

தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
விரல் கணுவால், மேலிருந்து கீழாக.
நன்றாக ஒட்டிய டைல் கல்லாகப் பேசும்.
குழாய்க்குக் கீழே நான்காவது வரிசை
காலி டப்பாவாகப் பேசியது.

கிரிம்ஸ்பியில், துறைமுகத்துக்குப் பின்னால்
தோளோடு தோள் ஒட்டிய வீடுகளில் கடைசி வீடு.
ஹெஸ்டர் கார்பட் அதை வாங்கி நான்கு வருடம்.
"ஞாயிறு தவறாமல் ப்ளீச் ஊற்றித் தேய்க்கிறேன்,
கறுப்பு திரும்பத் திரும்ப வருகிறது" என்றார்.
தேய்த்த இடமெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது.

சிலிகானைப் பிளேடால் கீறி இழுத்தேன்.
முதல் டைலுக்கு உளி வைத்தேன்.
இரண்டாவதற்குக் கை போதும்.
மூன்றாவது என்னைப் பார்த்ததும் விழுந்தது.

பின்னால் பலகை.
பலகை என்பது மரியாதைக்கு.
பாலில் ஊறிய ரஸ்க்.
காகிதம் உரிந்து விரலோடு வர
ஜிப்சம் தயிராகச் சரிந்தது.
பூட்டிய காரில் வாரக்கணக்கில் மறந்த
ஈரத் துண்டின் வாடை.

"எந்தப் புண்ணியவான் செய்த வேலை?"
கதவருகே இரண்டு கோப்பைத் தேநீருடன் ஹெஸ்டர்.
"குளிக்கிற சுவருக்குச் சாதாப் பலகையா?
வாழ்நாள் முழுக்க அவனுக்கு
ஆறிப்போன தேநீர்தான் கிடைக்கட்டும்."
நான் சிரித்தேன்.
என் தேநீர் நாக்கைச் சுட்டது.

மதியம் வால்வைச் சுற்றியிருந்த துண்டைப் பெயர்த்துத்
திருப்பிப் பார்த்தேன்.
ஈரம் எட்டாத கையகல இடத்தில்
பென்சில் எழுத்து:
77.
இரண்டு ஏழுக்கும் இடுப்பில் குறுக்குக் கோடு.

ரோட்டர்டாமில் இரண்டு குளிர்காலம்
கூலிக்குப் போனபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.
இந்த ஊரில் வேறு எந்தக் கொத்தனும்
ஏழுக்கு அரைஞாண் கட்டுவதில்லை.

பதினோரு வருடம் இருக்கும்.
வீடு ஞாபகமில்லை, வாசல் கதவு அப்போது வேறு நிறமோ என்னவோ.
பலகை ஞாபகமிருக்கிறது.
சிமெண்ட் பலகைக்கும் இதற்கும்
ஒன்றுக்கு ஒன்பது பவுண்டு வித்தியாசம்.
நான்கு பலகை, முப்பத்தாறு.
அந்த மாதம் வேனுக்கு ஒரு டயர் வேண்டியிருந்தது.
டைல்ஸ் போட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்
என்று யாரிடமோ சொன்னேன்.
போகும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

துண்டை ஜன்னல் திட்டில் குப்புற வைத்துவிட்டு
குப்பை மூட்டையை வேனில் ஏற்றப் போனேன்.
திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது.
மல்லாந்து.

ஸ்க்ரூடிரைவரால் மரச்சட்டங்களைக் குத்தினேன்.
மூன்று தாங்கின.
நான்காவதில் கேக்கில் கத்தியாக இறங்கியது.
அழுகல் போகும்வரை வெட்டி
பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்துத் திருகி
மின்விசிறியை இரண்டு நாள் ஓடவிட்டேன்.
ஹெஸ்டர் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு
ஈரத் தலையோடு வேலைக்குப் போனார்.
பிறகு சிமெண்ட் பலகை,
தரைத் தட்டுக்கு மேலே ஒரு நூல் இடைவெளி,
மூட்டுக்கு நாடா,
நீலப் பூச்சு இரண்டு கோட்டிங்.
மூன்றாவது யாரும் கேட்காதது.

தேநீர் தினமும் வந்தது,
பதினோரு மணிக்கு, பிஸ்கட்டோடு.
இரண்டாம் நாளிலிருந்து ஆறிப்போய்.
மேலே ஆடை மிதக்கும்.
குடித்தேன்.

கடைசி நாள் பில் எழுதினேன்.
பலகை என்ற வரிக்கு எதிரே ஒன்றுமில்லை.
கூலியில் பாதி.
அன்று தேதி பதினேழு.
பழக்கதோஷம், கோடு விழுந்துவிட்டது.
ஹெஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தொகையை விட்டுத் தேதியைப் பார்த்தார்.
"எப்போது குளிக்கலாம்?"
"சிலிகான் காயணும். நாளை ராத்திரி."
"இந்த முறை எத்தனை வருஷம்?"
எனக்கு முன்னே நான் வாங்கிய மூச்சு கேட்டது.
"உங்களுக்கு வயசாகும், அதற்கு ஆகாது" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பணத்தை எண்ணி வைத்தார்.

இரவு படுத்தபடி கணக்குப் பார்த்தேன்.
அந்த வருடம், அதே பலகை,
பதினான்கு குளியலறை.
காலை ஆறரைக்குப் பதினான்கு வீட்டில்
யாரோ கண்ணை மூடிக்கொண்டு
வெந்நீருக்கு அடியில் நிற்பார்கள்.
பழைய நோட்டில் ஆறு பேருடைய எண் இருக்கிறது.
இன்னும் யாரையும் அழைக்கவில்லை.